உட்கார்ந்த வேலை

கடலூரிலும் சிதம்பரத்திலும் உடம்பைக் குறைக்க வேண்டுமென்று கிளம்பும் பெண்களின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஓர் எண். 1,200. உடற்பயிற்சிக் கூடத்தில் தரும் தாளில் இருக்கும், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும், செல்போன் செயலியில் இருக்கும். என் தெருவிலேயே நான்கைந்து வீட்டு பிரிட்ஜ் கதவுகளில் இப்படியொரு தாள் ஒட்டியிருக்கிறது. காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்கு மோர், மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. கீழே, ஒரு நாளைக்கு 1,200 கலோரி. தாளை எழுதிக் கொடுத்தவர் யாரென்று கேட்டால் பெயர் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

நான் வரலாறு படித்தவள், வரலாறு சொல்லிக் கொடுப்பவள். உடம்பைக் குறைப்பது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. சர்க்கரை நோயும் முழங்கால் தேய்மானமும் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. ஆனால் எண்ணுக்கும் ஊர் உண்டு, காலம் உண்டு, எழுதியவர் உண்டு. சோற்றை யார் அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள், யாருடைய தட்டில் குறைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால், பெண்ணின் உழைப்பைப் பற்றிய ஒரு நீண்ட கதைக்குள் நாம் வந்து நிற்கிறோம்.

ஒரு பவுண்டு தானியம்

உயிரோடிருக்க ஒருவருக்கு எவ்வளவு சோறு போதும் என்ற கேள்வியை நம் மாகாணத்தில் அரசாங்கம் பெரிய அளவில் கேட்டது, யாரும் மெலிவதற்காக அல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது அது கேட்கப்பட்டது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது தாராளமாகச் செலவு செய்தார் என்று திட்டு வாங்கியவர் அவர். இந்த முறை கையை இறுக்கினார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிற வேலைக்கு இந்தக் கூலி.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஆண்டே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் செத்தவர்கள் செத்திருந்தார்கள்.

அப்போது இங்கே யாரும் கலோரி என்று பேசவில்லை. இன்றைய பட்டியலை வைத்து நாம் கணக்குப் போடலாம். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியில் 100 கிராமுக்கு 345 கலோரி. ஆக, டெம்பிள் தந்த தானியம் சுமார் 1,565 கலோரி. பஞ்ச முகாமையும் இன்றைய பிரிட்ஜ் கதவையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே வேறு வழியில்லை, இங்கே ஓரளவு விருப்பம் இருக்கிறது. அங்கே மண்வெட்டி, இங்கே மிக்சி. ஆனாலும் அளவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சக் கூலியில் தானியத்தின் அளவுகூட நம் தாளில் இருப்பதைவிட 365 கலோரி அதிகம்.

அறைக்குள் அடைத்த ஆண்கள்

கலோரி என்ற சொல் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1820களில் பாரிஸில் நிக்கோலா கிளெமான் என்பவர் நீராவி இயந்திரங்களைப் பற்றிய வகுப்பில் வெப்பத்தை அளக்கப் பயன்படுத்திய சொல் அது. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏற்றத் தேவையான வெப்பமே நாம் சாப்பாட்டில் சொல்லும் ஒரு கலோரி. அடுப்புக்கு விறகு எவ்வளவோ, உடம்புக்குச் சோறு அவ்வளவு என்பது அதன் அடிப்படை.

அதைத் தட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வில்பர் அட்வாட்டர். 1890களில் கனெடிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஒரு ஆள் உள்ளே தங்கும் அளவுக்கு ஓர் அறையைக் கட்டினார்கள். உள்ளே இருப்பவர் சாப்பிடுவார், தூங்குவார், சைக்கிள் மிதிப்பார். அவர் உடம்பிலிருந்து வெளிவரும் வெப்பத்தையும் மூச்சையும் அளப்பார்கள். இன்றும் நாம் பயன்படுத்தும் கணக்கு அந்த ஆராய்ச்சியில் உருவானதுதான்: புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டு நாம் பயப்படுவதற்குக் காரணமான 9 அங்கிருந்து வந்தது.

குடும்பங்களின் சாப்பாட்டைக் கணக்கிட அட்வாட்டர் இன்னொரு வழியும் வகுத்தார். மிதமாக உழைக்கும் ஆண் ஒருவனை 1 என்று வைத்துக்கொண்டார். அதே மாதிரி உழைக்கும் பெண் 0.8. குழந்தைகள் அதற்கும் கீழே. பெண்ணின் எடை சராசரியாகக் குறைவு, ஆகவே தேவையும் குறைவு என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அளவுகோல் ஆண், பெண் அவனில் ஒரு பங்கு என்ற பழக்கமும் இந்த எண்ணோடு சேர்ந்து கப்பலேறியது. அது நம் ஊர் வரை வந்ததைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குமுன் 1,200. லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் கலிபோர்னியாவில் மருத்துவம் பார்த்த ஒரு பெண். சின்ன வயதிலிருந்து பருமனோடு போராடியவர். 1918-இல் பெண்களுக்காக உணவும் உடல்நலமும் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்று வாசகிகளுக்குப் பாடம் எடுத்தார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட எல்லை ஒரு நாளைக்கு 1,200. முதல் உலகப் போர் நடந்த சமயம் அது. குறைத்துச் சாப்பிடுவது நாட்டுப்பற்று என்றும் அவர் எழுதினார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. இத்தனை கலோரிக்கு மேல் தின்னக்கூடாது என்று பெண்கள் தாங்களே தங்களைக் கண்காணித்துக்கொள்ளும் வழக்கம் பரவ அந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம். நம் தெருவுக்கு வந்திருக்கும் எண்ணுக்கு வயது நூற்றுக்கும் மேல்.

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் மனம் என்ன ஆகும் என்று பின்னால் ஒரு சோதனை நடந்தது. 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்குச் சராசரியாக 1,600-க்குச் சற்றுக் குறைவான கலோரி. சில வாரங்களில் அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், எரிச்சல்பட்டார்கள், சோர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சோதனைக்குப் பெயர் பட்டினி ஆராய்ச்சி. அதே கீஸ்தான் 1972-இல், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பழைய கணக்குக்கு பிஎம்ஐ என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவர். டயட் தொடங்கிய பெண் எரிச்சல்பட்டால், வாயைக் கட்ட முடியவில்லை என்கிறோம். அந்த ஆண்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

குன்னூரில் எலிகளும் அரிசியும்

நம் மாகாணத்தில் சாப்பாடு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்த இடம் குன்னூர். ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் நெய்யும் கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் நன்றாகப் பெருத்தன. தீட்டிய அரிசியை நம்பிய ‘மதராசி’ சாப்பாட்டு எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. அன்றைக்கு எடை கூடினால் அது பெருமை, குறைந்தால் அது இனத்தின் பலவீனம். ஒரே தராசு நூறு ஆண்டுகளில் எப்படிப் புரண்டிருக்கிறது பாருங்கள்.

1935-இல் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்புக்கு வந்த ஆய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட விடுதி, சிறைச்சாலை, தொழிற்சாலை போன்ற இடங்களில் சாப்பாட்டைத் திட்டமிட அது உதவ வேண்டும் என்பது நோக்கம். ஆராய்ச்சிக்கூடம் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்தப் பட்டியல் வளர்ந்து, 1971-இல் சி. கோபாலனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ‘நியூட்ரிட்டிவ் வேல்யூ ஆஃப் இந்தியன் ஃபுட்ஸ்’ என்ற நூலானது. மனையியல் படித்த பெண்களுக்கு அது பாடப்புத்தகம் மாதிரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், விடுதித் தோழி ஒருத்தியின் மேசையில்தான் நான் அதை முதலில் பார்த்தேன்.

அதில் அரிசிப் பக்கத்தில் இரண்டு வரிகள். கைக்குத்தல் பச்சரிசி, 346 கலோரி. மில் பச்சரிசி, 345 கலோரி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அதே வரியில் தள்ளி இருக்கும் தயமின் என்ற பி1 சத்தைப் பாருங்கள்: கைக்குத்தலில் 0.21 மில்லிகிராம், மில் அரிசியில் 0.06. பெரிபெரி நோய்க்கும் நலத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. கலோரிக்கு அந்தத் தூரம் தெரிவதில்லை.

அந்த 0.21-ஐக் காப்பாற்றியது பெண்களின் கை. எங்கள் ஆயா வீராணம் ஏரிப் பாசன ஊர் ஒன்றில் பிறந்தவர். நடவு, களை, அறுப்பு முடிந்த மாதங்களில் ஆண்டை வீட்டு நெல்லைக் குத்திக் கொடுப்பது அவருக்கு வேலை. “நெல்ல அவிச்சி, காயப்போட்டு, குத்தி, பொடைச்சி, அரிசி வேற நொய்யி வேற தவுடு வேறன்னு பிரிச்சிக் குடுக்கணும். அரிசி அவங்களுக்கு, நொய்யி நமக்கு” என்பார். மில் வந்தபோது உரலிடித்த தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது, கூலியும் போயிற்று. அந்த வேலை எவ்வளவு கலோரி எரித்தது என்றோ, அதற்கு நொய் போதுமா என்றோ எந்தப் பட்டியலும் அவரைக் கேட்டதில்லை.

பட்டியலில் குடும்பத் தலைவி

இப்போது அந்த 0.8. கோபாலன் நூலிலும் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு கணக்கிடும் அட்டவணை இருக்கிறது. உட்கார்ந்த வேலை செய்யும் ஆண் 1. உட்கார்ந்த வேலை செய்யும் பெண் 0.8. மிதமான வேலை செய்யும் பெண் 0.9. கடின வேலை செய்யும் பெண் 1.2. கடைசி எண்ணைக் கவனியுங்கள். கல்லுடைக்கும் பெண்ணுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆணைவிடக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டும் என்று அரசு நிறுவனத்தின் புத்தகமே சொல்கிறது. எந்த வீட்டில் அப்படிப் பரிமாறினார்கள்?

யார் எந்த வரிசையில் வருவார்கள் என்றும் அதே நூல் ஒரு பட்டியல் தருகிறது. பெண்களில் ஆசிரியை, தையல்காரி, அலுவலர், நர்ஸ் ஆகியோர் உட்கார்ந்த வேலைக்காரர்கள். அவர்களோடு குடும்பத் தலைவியும் அதே வரிசையில் இருக்கிறார். வீட்டு வேலைக்குப் போகும் பெண், விவசாயக் கூலிப் பெண், நெசவு செய்பவர், பீடி சுற்றுபவர் ஆகியோர் மிதமான வேலைக்காரர்கள்.

முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு பெண் அடுத்த வீட்டில் பெருக்கினால், துடைத்தால், துணி துவைத்தால், பாத்திரம் விளக்கினால் அது மிதமான உழைப்பு. அதே பெண் தன் வீட்டுக்கு வந்து அதே வேலைகளைச் செய்தால் உட்கார்ந்திருக்கிறாள். சம்பளம் இருந்தால் வியர்வை, இல்லாவிட்டால் ஓய்வு. பெண்ணியப் பொருளியல் வகுப்பில் ஒரு மாதம் நடத்த வேண்டியதை அந்த ஒரு பட்டியல் ஒரு பக்கத்தில் சொல்லிவிடுகிறது.

அதில் விட்டுப்போனவர்களும் உண்டு. ஆண்கள் பட்டியலில் மீனவர் இருக்கிறார். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகும் மீன்காரம்மா பெண்கள் பட்டியலில் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் தோல் வெந்துபோகும் பெண்களும் இல்லை. அவர்கள் உரித்த பருப்பு இருக்கிறது: 100 கிராமுக்கு 596 கலோரி, 47 கிராம் கொழுப்பு.

இந்தக் குறையைக் கலோரியை வைத்தே காட்டியவர்களும் உண்டு. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஆறு கிராமங்களில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு, எந்த வேலையை யார் எவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று அளந்தது. அந்தத் தரவுகளைக் கொண்டு ஸ்ரீலதா பட்லிவாலா 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கிராமங்களின் மனித உழைப்பில் பெண்களின் பங்கு 53 சதவீதம், ஆண்களின் பங்கு 31, குழந்தைகளின் பங்கு 16. விறகு பொறுக்குவதையும் தண்ணீர் சுமப்பதையும் சமைப்பதையும் உழைப்பு என்று சேர்த்துக்கொண்டால் கிடைக்கும் கணக்கு அது. பெண்களின் சத்துக்குறைவைத் தீர்க்கத் தட்டில் சோறு சேர்ப்பது ஒரு வழி. அவர்கள் சுமக்கும் சுமையைக் குறைப்பது இன்னொரு வழி என்று அவர் வாதிட்டார். கலோரி அங்கே பெண்ணுக்காகச் சாட்சி சொன்னது. கருவி ஒன்றுதான், அதை எடுத்த கை வேறு.

ஒரே உடம்பில் இரண்டு குறைகள்

இனி இன்றைக்கு வருவோம். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்: அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் கூட்டினால் நூறில் 94 வருகிறது. அப்படியானால் பலருக்கு இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒழிய, ஒரு குறையும் இல்லாத பெண்கள் மிகக் கொஞ்சம். பெருத்த உடம்பில் ரத்தமில்லை என்பது நம் ஊரில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல.

எங்கள் அண்ணி மூன்று ஆண்டுகளுக்கு முன் எடை குறைக்கும் இடம் ஒன்றுக்குப் போனார். படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘ஹவுஸ் ஒய்ஃப்’ என்று எழுதினார். பக்கத்தில் ‘உட்கார்ந்த வேலை’ என்று குறித்துக்கொண்டு 1,200 கொடுத்தார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, படுத்த படுக்கையான மாமியாரைத் தூக்கி உட்கார வைத்து, மூன்று பேருக்குச் சோறு கட்டி, மாடிக்குத் தண்ணீர்க் குடம் ஏற்றும் பெண் அவர். நான்கு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினோம். ஐந்தாம் மாதம் படியில் மயங்கி விழுந்தபோதுதான் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7.8. அந்த நான்கு மாதமும் அவரை வாரந்தோறும் நிறுத்தார்கள். ஒருமுறைகூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட பரிந்துரையை எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 கலோரி, மிதமான வேலை செய்பவருக்கு 2,130. இடைவெளி 470. அண்ணியை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, 1,200 என்பது அவர் தேவையில் 460 குறைவா, 930 குறைவா என்று முடிவாகிறது. முன்னது கடினம், பின்னது பட்டினி. அதே பரிந்துரையில் இரும்புச்சத்துக்கு வாருங்கள். ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. மாதவிலக்கில் ரத்தம் போவதால் பெண்ணுக்குக் கூடுதல் தேவை. சோற்றில் 0.8 பங்கு கேட்கும் உடம்பு, இரும்பில் ஒன்றரைப் பங்கு கேட்கிறது. சோற்றைக் குறைக்கச் சொல்லும் தாள், மற்றதை எங்கிருந்து கூட்டுவது என்று சொல்லாவிட்டால் அது பாதித் தாள்தான்.

“அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, உரல்ல குத்துனாங்க, ஒருத்திக்காவது தொப்பை இருந்துச்சா?” என்று கல்யாண வீடுகளில் ஆண்கள் கேட்பதுண்டு. ஆயாவுக்குத் தொப்பை இல்லை, உண்மைதான். நொய்க்கஞ்சியில் தொப்பை வராது. நாற்பது வயதில் பல் போய், ஐம்பதில் இடுப்பு வளைந்துவிட்டது. மிக்சியும் கிரைண்டரும் பெண்களின் முதுகிலிருந்து இறக்கிய சுமையை மீண்டும் தூக்கி வைப்பதற்குப் பெயர் உடல்நலம் அல்ல. உடம்பு அசைய வேண்டும் என்றால் இருட்டிய பிறகும் பயமில்லாமல் நடக்க ஒரு தெரு வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தில் அடுப்பைப் பார்க்க வேறொரு கை வேண்டும். சில்வர் பீச்சில் காலையில் நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள். ஆறு மணிக்கு அங்கே ஆண்கள்தான் அதிகம். பெண்கள் அப்போது சமையலறையில் ‘உட்கார்ந்த வேலை’யில் இருக்கிறார்கள்.

அடுக்களைக் கணக்கு

எண்களை வேண்டாம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றை நாமே போடக் கற்றுக்கொள்ளலாம். சிதம்பரத்துக்குப் பேர் போன சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் எடுத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு 60 கிராம் அரிசி, 207 கலோரி. மிளகு சீரகத்தோடு நெய் 10 கிராம், 90 கலோரி. கொத்சுக்குக் கத்தரிக்காய் 100 கிராம், வெறும் 24 கலோரி. அதை வதக்க நல்லெண்ணெய் மூன்று டீஸ்பூன், 15 மில்லி, ஏறக்குறைய 124 கலோரி. மொத்தம் 445. அதில் 214 நெய்யும் எண்ணெயும். பயந்து பயந்து குறைக்கும் சோறு பாதிகூட இல்லை. கத்தரிக்காய் கணக்கிலேயே வரவில்லை. குடித்த எண்ணெய்தான் கத்தரிக்காயின் கணக்கை ஆறு மடங்கு ஆக்கிவிடுகிறது. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றினால் போதும், யாரும் பசியோடு எழ வேண்டியதில்லை.

இதே மாதிரி மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது எங்கள் பக்கம் இப்படித் தேய்ந்துவிட்டது. தென்னாற்காடு மாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதிகம் பயிரான எண்ணெய் வித்து இது. புதுச்சேரி வழியாகக் கப்பலில் பிரான்சுக்குப் போய் எண்ணெயும் சோப்பும் ஆனது. 30 கிராம் மல்லாட்டையில் 170 கலோரி, கூடவே ஏழரை கிராம் புரதம். 170 கலோரிக்கு அரிசி சாப்பிட்டால் புரதம் மூன்றரை கிராம்கூட வராது. ‘கொழுப்பு’ என்று எழுதி மல்லாட்டையை அடித்துவிடும் தாள், ஏழைப் பெண்ணுக்குக் கையில் எட்டும் புரதத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறது. அவித்துத் தின்பதா, வறுத்துத் தின்பதா, எண்ணெய் ஆட்டித் தாளிப்பதா என்பதில்தான் வித்தியாசம்.

எந்தத் தாளிலும் இல்லாத வரி ஒன்று இருக்கிறது: மிச்சம். என் அம்மா கடைசியில் சாப்பிடுவார். தட்டில் போட்டுக்கொள்வது ஒரு கரண்டி. அதற்கு முன்பே பிள்ளைகள் விட்ட தோசைத் துண்டு, சட்டியில் ஒட்டிய குழம்பு, நேற்றைய சோறு எல்லாம் வாய்க்குள் போயிருக்கும். “வீணாப் போவுதேன்னு போட்டேன்” என்பார். வீட்டின் குப்பைத் தொட்டியாகவும் பெண்ணின் வயிற்றை வைத்துக்கொண்டு, பிறகு அந்த வயிற்றையே குறை சொல்வது எத்தனை எளிது! இன்னொரு பக்கம் விரதம். வெள்ளிக்கிழமை, சஷ்டி, மார்கழித் திருவாதிரை என்று கணவனுக்கும் பிள்ளைக்கும் வேண்டிக்கொண்டு பட்டினி கிடப்பவளும் அவள்தான். நொய் தின்றது, மிச்சம் தின்றது, நோன்பிருந்தது, இப்போது டயட். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது. கழித்துக்கொள்வது மட்டும் அவள் தட்டிலேயே நடக்கிறது.

ஆகவே தோழிகளே, உங்களுக்கும் யாராவது 1,200 என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எழுதினீர்களா? நான் ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்களா? இரும்பும் புரதமும் இதில் எங்கே இருக்கின்றன? தொழில் என்ற கட்டத்தில் ஹவுஸ் ஒய்ஃப் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எழுந்த நேரத்திலிருந்து படுத்த நேரம் வரை செய்ததையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, இது உட்கார்ந்த வேலையா என்று அவர்களே சொல்லட்டும்.